செல்லக்கிளி அக்காவின் சூடான கேபினட்

திருச்சி சாலை ரோட்டில் ஒரு மாடிக் கடையில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து பிழைக்கிறேன். பேர் குத்புதீன். வெயில் காலத்தில் என் போன் அடித்தால், "பாய், சிஸ்டம் சூடாகுது" என்பதுதான் முதல் வார்த்தையாக இருக்கும். திருச்சி வெயிலுக்கு மனுஷனே சூடாகிறான், சிஸ்டம் ஆகாதா? ஆனால் சூட்டைக் குறைக்காதே என்று சொன்ன கஸ்டமர் இத்தனை வருஷத்தில் ஒரே ஒருவர்தான். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு மாடிப் போர்ஷனில் இருக்கும் செல்லக்கிளி அக்கா.

அக்காவுக்கு முசிறிப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்தவர், ஒரு ஸ்டுடியோவில் ஆல்பத்துக்கு அட்டை ஒட்டப் போய், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் கையைப் பார்த்தே டிசைன் கற்றுக்கொண்டார். இன்றைக்கு ஸ்ரீரங்கம், திருவானைக்கோவில் கல்யாணங்களில் பாதி அவர் கையைத் தாண்டித்தான் ஆல்பமாகிறது. தாலி கட்டும் நேரத்தில் கண்ணை மூடிவிட்ட மாப்பிள்ளைக்கு வேறு போட்டோவிலிருந்து கண் எடுத்து வைப்பார். கோபித்துக்கொண்டு வராமல் போன சித்தப்பாவைக் குரூப் போட்டோவில் நிற்க வைப்பார். அதனாலோ என்னவோ, கண்ணால் பார்க்கும் எதையும் அவர் நம்புவதில்லை. கீரை வாங்கினால்கூடக் கட்டைப் பிரித்து உள்ளே கையை விட்டுத்தான் வாங்குவார்.

என்னிடம் சிஸ்டம் கேட்டபோது, சுவர் அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்துகிற அளவுக்குச் சின்ன கேபினட் பெட்டி வேண்டும் என்றார்.

"அக்கா, சின்னதுல சூட்டைத் தணிக்கிற பெரிய கூலர் உக்காராது. கதவையும் சாத்தினா, வெளிய விட்ட சூட்டையே திரும்ப உள்ள இழுக்கும். ப்ராசஸர் வெந்துரும்" என்றேன். கேட்கவில்லை.

சொன்னபடியே ஆனது. ஆல்பம் சேவ் ஆகும்போதெல்லாம் சூடு தொண்ணூறு டிகிரியைத் தாண்டும். தாண்டினால் ப்ராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், வேலை நகராது. போகும்போதெல்லாம் கூலரை மாற்றுகிறேன், பெட்டியை வெளியே எடுத்து வைக்கிறேன் என்று கெஞ்சினேன்.

"வேணாம் பாய். சூடு அப்படியே இருக்கட்டும். வேகத்தை மட்டும் ஏத்திக் குடுங்க."

ஒரு நாள் கூலரைக் கழற்றச் சொன்னார். அதற்கடியில் தடவியிருந்த பேஸ்டைத் துடைக்கச் சொல்லி, ப்ராசஸரில் பொறித்திருந்த பேரைப் போனில் படம் பிடித்துக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டேன் என்று நினைக்கிறாரா? யாரிடம் காட்டப் போகிறார்? மடியில் கனமில்லை, வழியில் பயமில்லை என்றாலும் கோபம் வராமல் இருக்குமா?

"என் மேல நம்பிக்கை இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கங்கக்கா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

"உங்க மேல இல்ல பாய்." அக்கா குரலை இறக்கினார். "அவரு மேல. இதைக் கழட்டி வித்துட்டு வேற எதையாவது வச்சிருப்பாரோன்னு பாத்தேன்."

அவர் என்றால் கணவர், மதுரைவீரன் அண்ணன். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் சாயங்காலம் வரை சும்மா. அந்தச் சும்மாவில்தான் போனில் ரம்மி அவரைப் பிடித்துக்கொண்டது. அக்காவின் செயின் அதில் போனது. பிறகு சமயபுரத்தில் சூடம் அணைத்து, இனித் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். பட்டன் போனுக்கு மாறிக்கொண்டார். ரம்மி ஆட வீட்டில் மிச்சமிருந்தது இந்தக் கம்ப்யூட்டர் ஒன்றுதான்.

போன சித்திரையில் ஒரு மத்தியானம், அக்கா ஆல்பம் பிரிண்ட் போடக் கலர் லேபுக்குப் போய்விட்டு வந்து கேபினட்டைத் தொட்டால் சுடுகிறது. அண்ணன் கட்டிலில் படுத்திருந்தார். தொடவே இல்லை என்றார். அக்கா நம்பவில்லை. மறுநாளிலிருந்து அண்ணன் மத்தியானம் வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். பஞ்சக்கரை ரோட்டில் வேப்பமரத்தடியில் வேனை நிறுத்திப் பின்சீட்டில் படுத்துக்கொள்கிறார். அப்படியும் சில நாள் பெட்டி சுட்டது. தான் இல்லாத நேரம் பார்த்துத் திருட்டுத்தனமாக வந்து போகிறார் என்று அக்கா முடிவுகட்டினார். பெட்டி சுட்ட நாளில் தட்டில் சோறு விழும். வாயிலிருந்து ஒரு வார்த்தை விழாது.

"பாஸ்வேர்டு போட்ருங்களேன்க்கா" என்றேன்.

"போட்டா, அவரா தொடாம இருக்காரான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஹிஸ்டரி பாக்கலாம்ல?"

"அழிக்கத் தெரியாதா? போட்டோவுல ஆளையே அழிக்கிறவ நான். சூட்டை யாரு அழிக்க முடியும்?"

சின்ன வயதில் எங்கள் அத்தா வெளியே போய்விட்டு வந்ததும் டிவியின் முதுகைத் தொட்டுப் பார்த்து எங்களை விளாசியது ஞாபகம் வந்தது. ஆனால் நாங்கள் நிஜமாகவே பார்த்திருந்தோம். அண்ணன் விஷயம் எனக்கென்ன தெரியும்? நானும் அவரைக் கொஞ்சம் சந்தேகப்பட்டேன் என்பதுதான் உண்மை.

வைகாசியில் முகூர்த்தங்கள் குவிந்தன. ஒரு மத்தியானம் அக்கா போன் செய்தார். ஆல்பம் சேவ் ஆகும்போதே சிஸ்டம் அணைந்துவிட்டது, பெண் வீட்டார் கத்துகிறார்கள் என்றார். ஓடினேன். அதற்குள் அக்கா சிஸ்டத்தை மறுபடி போட்டிருந்தார். அலமாரிக்குள் அடுப்பங்கரை மாதிரி இருந்தது.

"முதல்ல ஆறட்டும். அணைச்சுப் போடுங்க" என்றேன்.

அக்கா ஒரு பட்டனை அமுக்கினார். திரை கறுத்தது. கதவைச் சாத்திவிட்டு எனக்கு டீ கொண்டுவந்தார். பாதி டீயில் அலமாரிக்குள் ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. நாங்கள் இருவரும் இங்கே இருந்தோம். வீட்டில் வேறு யாரும் இல்லை. அக்கா எழுந்து போய்ப் பெட்டியின் மேல் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை.

"யாரு பாய் போட்டது?"

"யாரும் போடலக்கா. நீங்க ஷட்டவுன் பண்றதே இல்லையா? இது ஸ்லீப், முழுசா அணையாது, தூங்கும். அப்டேட் பாக்கறதுக்கு அதுவா எழுந்திரிச்சுக்கும், மத்தியான நேரத்துக்குன்னு செட்டிங் இருக்கு. மூடின அலமாரிக்குள்ள எழுந்தா சுடாம என்ன பண்ணும்?"

"திறந்து வச்ச ஃபைலெல்லாம் அப்படியே இருக்கட்டும்னுதான்..." என்ற அக்கா போனை எடுத்து வீட்டுக்காரரை வரச் சொன்னார்.

அவர் வருவதற்குள் நான் பெட்டியை மேசைக்குத் தூக்கி வந்தேன். உயரம் குறைந்த, அகலமான கூலர் ஒன்றை மாட்டினேன். சூட்டை வெளியே தள்ளும்படி ஃபேனைத் திருப்பினேன். தானாக எழுந்திருப்பதையும் நிறுத்தினேன். அக்கா தடுக்கவில்லை.

மதுரைவீரன் அண்ணன் வந்து, அறைக்குள் கால் வைக்காமல் நிலைப்படியிலேயே நின்றார். சட்டை முதுகெல்லாம் வியர்வை.

"அன்னிக்கு நீங்க தொடலைங்க" என்றார் அக்கா. "அதுவா எழுந்திரிச்சிருக்கு. இப்ப எங்க கண்ணு முன்னாடியே நடந்துச்சு."

"அதைத்தானே அன்னிக்கே சொன்னேன்."

"தப்புதாங்க. இப்ப நம்புறேன்."

அண்ணன் பெட்டியைப் பார்த்தார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. "நான் சொன்னப்ப நம்பல. இப்பவும் அந்தப் பெட்டி சொல்லித்தானே நம்புற, செல்லக்கிளி."

எனக்கு அங்கே நிற்கவே கஷ்டமாக இருந்தது. ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினேன்.

ஆல்பம் அன்றைக்கே லேபுக்குப் போய்விட்டது. இப்போது எவ்வளவு வேலை கொடுத்தாலும் பெட்டி எழுபதைத் தாண்டுவதில்லை என்று அக்கா போனில் சொன்னார். நேற்று மத்தியானம் பஞ்சக்கரை ரோட்டு வழியாக வந்தேன். வேப்பமரத்தடியில் வேன் நின்றிருந்தது. பின்சீட்டு ஜன்னலுக்கு வெளியே இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன.