இருநூற்று எழுபத்தொன்றாம் பக்கம்

குடும்பத்தில் அவளுக்கு எலி டாக்டர் என்று பெயர். வைத்தவர் அக்காவின் கணவர். அவள் ஆராய்ச்சிக்கான டாக்டர் பட்டம் வாங்கிய வாரமே மாடி வீட்டுக்காரர் இருமிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். எனக்கு எலிகளைத்தான் பார்க்கத் தெரியும் என்று அவள் கையைப் பிசைந்ததைப் பார்த்து அத்தான் சிரித்த சிரிப்பில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. முப்பது வருடமாகப் பிள்ளைகள் முதல் பால்காரர் வரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அத்தான் மட்டும் கூப்பிடுவதில்லை. அவருக்கு மறதி நோய் வந்து இரண்டு வருடமாகிறது, இவள் போனால், "யாரும்மா வேணும்?" என்று மரியாதையாகக் கேட்பார்.

அவளுடைய வேலையைச் சொல்வது சுலபம், செய்வதுதான் இடுப்பை ஒடிக்கும். எலியின் மூளையை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டில் ஒட்டி, மைக்ராஸ்கோப்பின் கீழ் நரம்பணுக்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். சீவுவதும் எண்ணுவதும் ஆய்வக உதவியாளரின் பொறுப்பு. அந்த மனிதரைப் பல்கலைக்கழகக் கட்டடத்தின் மூன்று மாடிக்கும் ‘சீவல்’ என்றால்தான் தெரியும். கையில் எண்ணுவதற்கான சின்னக் கருவி ஒன்றை வைத்துக்கொண்டு டக் டக் என்று அழுத்தியபடி நாளெல்லாம் குனிந்திருப்பார். இருபது வருடத்தில் கழுத்து அப்படியே நின்றுவிட்டது. தெருவில் நடக்கும்போதும் எதையோ தொலைத்தவர் போலத்தான் போவார்.

இருபத்தொன்பது வருடத்தில் அவள் நாற்பத்து மூன்று கட்டுரைகள் வெளியிட்டிருந்தாள். அந்த உலகத்தில் எழுதினால் மட்டும் போதாது. இன்னார் இப்படிக் கண்டுபிடித்தார் என்று மற்றவர்கள் தங்கள் கட்டுரையில் அதை மேற்கோள் காட்ட வேண்டும். யாரை எத்தனை பேர் காட்டினார்கள் என்று கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளலாம். பிள்ளையின் மார்க்கைப் போலப் பெரியவர்களும் திருட்டுத்தனமாகத் தினம் ஒரு தடவை பார்த்துக்கொள்வார்கள். அவளுடைய கட்டுரைகளில் பாதிக்கு மேல் நாலைந்து மேற்கோளோடு நின்றுபோயின. அதிலும் ஒன்றிரண்டு அவளே தன்னைக் காட்டிக்கொண்டது. தன் முதுகைத் தானே தட்டிக்கொள்வது அங்கே கேவலமில்லை, எல்லோருமே தட்டிக்கொள்கிறார்கள்.

ஒரே ஒரு கட்டுரைக்கு மட்டும் அறுநூற்றுப் பதினொன்று.

பத்தொன்பது வருடத்துக்கு முன் எழுதியது. ஒரு வேர்ச்சாறு கிழட்டு எலிகளின் மூளையில் புது நரம்பணுக்களை வளர்க்கிறதா என்று பார்த்தார்கள். பாதி எலிகளுக்குச் சாறு, மீதிக்கு வெறும் தண்ணீர். சீவல் ஏழு மாதம் எண்ணினார். ஒரு வித்தியாசமும் இல்லை. ஒன்றும் நடக்கவில்லை என்பதைப் பன்னிரண்டு பக்கத்துக்கு எழுதி அனுப்பினாள். ஆய்விதழில் இருநூற்றுப் பதினேழாம் பக்கத்தில் தொடங்கி வெளிவந்தது. இரண்டு வருடம் கழித்து அந்தத் துறையின் பெரிய தலை ஒருவர், வேர்ச்சாறு நரம்பணுக்களை வளர்க்கிறது என்று ஒரு வரி எழுதி, அதற்குச் சாட்சியாக எட்டுக் கட்டுரைகளை வரிசையாக அடுக்கினார். ஆறாவதாக நின்றது அவளுடையது. போதாக்குறைக்குப் பக்க எண்ணையும் தப்பாகப் போட்டார், இருநூற்று எழுபத்தொன்று என்று.

பெரியவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அடுத்தவர் அந்த எட்டையும் அப்படியே எடுத்துக்கொண்டார். அவரிடமிருந்து இன்னொருவர். போன விடுமுறையில் அவள் பொறுமையாக உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிபார்த்தாள். அறுநூற்றுப் பதினொன்றில் ஐநூற்று எண்பதுக்கு மேல் இருநூற்று எழுபத்தொன்றாம் பக்கம் என்றே சொல்லின. அந்தப் பக்கத்தில் இருப்பது மீனின் கண்ணைப் பற்றி வேறு யாரோ எழுதிய கட்டுரை. ஒருவராவது புரட்டியிருந்தால் மீனாவது அவரைப் பார்த்து முழித்திருக்கும்.

அந்த ஒரு வரியை முதலில் பார்த்தபோதே பெரியவருக்குக் கடிதம் எழுதியிருந்தாள், பதிலில்லை. அவர் கட்டுரை வந்த ஆய்விதழுக்கு எழுதினாள். காலம் கடந்துவிட்டது என்றார்கள். அதற்குள் அந்த எண் ஏறத் தொடங்கியிருந்தது. வருடா வருடம் ஆய்வகத்தை வைத்திருக்கவா மூடவா என்று மேலிடம் கேட்கும்போது அந்த எண்தான் முன்னால் போய் நின்று பதில் சொன்னது. அவள் பொய் சொல்லவில்லை, பேசாமல் இருந்தாள். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டுப் பதினேழு வருடம் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்தே களைத்துப் போனாள்.

அந்த நாற்காலியை இழுத்துவிட்டவள் அக்காதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போனபோது சாப்பாட்டு மேசையில் புதிதாக ஒரு மாத்திரைப் புட்டி இருந்தது. அதே வேரின் சாறு, ஞாபக சக்திக்கு என்று எழுதியிருந்தது. உள்ளே மடித்து வைத்திருந்த துண்டுத்தாளின் அடியில், எறும்பு எழுத்தில், அவள் பெயரும் கட்டுரையும். பக்கம் இருநூற்று எழுபத்தொன்று.

"உன் பேரைப் பார்த்துதான் வாங்கினேன். வேற யாரு சொல்லியிருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன்" என்றாள் அக்கா.

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அக்கா, நேற்றுக் காலையில் அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார் என்று சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பால் புட்டியைத் துடைத்துப் பத்திரமாக அலமாரியில் வைத்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு, அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நான்கு மாதம் ஓடிவிட்டது.

அந்த நேரத்தில்தான் முழுப் பேராசிரியர் பதவிக்கான விண்ணப்பம் வந்தது. ஏற்கெனவே இரண்டு தடவை தட்டிப்போனது, இதுதான் கடைசி. கிடைக்காவிட்டால் ஆய்வகத்தை மூடிவிடுவார்கள், சீவலின் வேலையும் அதோடு சரி. உங்கள் கட்டுரைகளில் அதிகம் மேற்கோள் காட்டப்பட்டது எது, அதனால் உலகுக்கு என்ன பயன் என்று இருநூறு சொற்களில் எழுதச் சொல்லியிருந்தார்கள். அதை மேசையில் வைத்து மூன்று நாள் முறைத்துக்கொண்டிருந்தாள். நாலாம் நாள் சீவலை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னாள். உள்ளதை எழுதினால் உங்கள் பிழைப்பு போய்விடுமே என்றாள்.

சீவல் தன் கத்தியைத் துடைத்து உறையில் போட்டார். "ஏழு மாசம் எண்ணினது நான்தானே டாக்டர். வித்தியாசம் இருந்திருந்தா முதல்ல எனக்குத்தான் தெரிஞ்சிருக்கும். இருக்கறதை எழுதுங்க."

எழுதினாள். இந்தக் கட்டுரை சொல்வதற்கு நேர்மாறாகவே ஏறக்குறைய எல்லோரும் இதைக் காட்டியிருக்கிறார்கள், இதனால் உலகுக்குப் பயனில்லை, தீங்கு உண்டு என்று பச்சையாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அன்று வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பதவி கொடுத்திருந்தார்கள். மூளையில் புதிய நரம்பணுக்கள் வளர்வதை நிரூபித்து அறுநூற்றுப் பதினொரு மேற்கோள்கள் பெற்ற சாதனைக்காக என்று போட்டிருந்தது. அதை எடுத்துக்கொண்டு துறைத் தலைவரின் அறைக்குப் போனாள். தேர்வுக் குழுவில் அவரும் ஒருவர். நான் எழுதியதைப் படித்தீர்களா என்று கேட்டாள். நாற்பது விண்ணப்பம் இருந்தது, மத்தியானத்துக்குள் முடிக்க வேண்டியிருந்தது, எண்ணைத்தான் பார்த்தோம் என்றார் அவர். சொன்னதில் வெட்கமும் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை.

"கிடைச்சதை வாங்கிக்குங்கம்மா. யாரு இப்ப உட்கார்ந்து படிக்கறா?"

கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. அறைக்குத் திரும்பி அலமாரியிலிருந்து பழைய ஆய்விதழை எடுத்துத் தூசி தட்டிப் பையில் வைத்துக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினாள்.

அத்தான் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தார். அக்கா அப்போதுதான் மத்தியான மாத்திரையைக் கொடுத்துவிட்டு டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். பதவிச் செய்தியைக் கேட்டதும் ஈரக் கையோடு வந்து தங்கையின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். இந்த மருந்துக்காகத்தானே கொடுத்தார்கள் என்று கேட்டாள்.

"ஆமாக்கா. ஆனா அந்த மாத்திரையால ஒண்ணும் ஆகாது. நான் அன்னிக்கு எழுதினதே அதைத்தான்."

அக்கா கையை எடுத்துவிட்டாள். குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. போய் அதை இறுக்கி மூடிவிட்டு வந்தாள்.

"நாலு மாசமா நான் கொடுக்கறதைப் பார்த்துட்டுதானே இருந்தே?"

"பார்த்துட்டுதான் இருந்தேன்."

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இவளுக்கு இருந்தது. அக்கா முப்பத்தொரு வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சராக இருந்தவள். ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, இன்னொருவர் பிரதியில் விரல் வைத்து வரி வரியாக ஒத்துப் பார்த்த பிறகுதான் அங்கே எந்தத் தாளும் மேசையைத் தாண்டும். கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். புட்டியிலிருந்து துண்டுத்தாளை எடுத்து மேசைமேல் விரித்து, முதல் வரியில் விரல் வைத்தாள்.

"கொண்டு வந்திருக்கியா? படி. ஒத்துப் பார்க்கறேன்."

இருநூற்றுப் பதினேழாம் பக்கத்தைத் திறந்து படித்தாள். எத்தனை எலி, என்ன வயது, எத்தனை நாள், யார் எண்ணியது எல்லாம். பத்தொன்பது வருடத்தில் இதை முழுதாக ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை. எட்டாவது பக்கத்தில் அந்த வாக்கியம் வந்தது: இரு குழுக்களுக்கும் இடையே வேறுபாடு எதுவும் காணப்படவில்லை.

நரம்பணுக்களை வளர்க்கும் என்ற வரியில் அக்காவின் விரல் நின்றது. "இன்னொரு தடவை."

படித்தாள்.

ஜன்னலோரத்திலிருந்து அத்தான் திரும்பிப் பார்த்தார். இவளையே சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, தெளிவாக, பழைய சிரிப்போடு, "எலி டாக்டரா? எப்ப வந்தே?" என்றார்.

அக்கா புட்டியைப் பார்த்தாள். பிறகு தங்கையை நிமிர்ந்து பார்த்தாள். இந்த நோயில் இப்படி நல்ல வேளைகள் தானாக வரும், தானாகப் போகும் என்பது இவளுக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் விட்டுவிட இவளுக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது.

"அது மாத்திரையால இல்லக்கா" என்றாள்.

அக்கா துண்டுத்தாளிலிருந்து விரலை எடுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"மீதியையும் படி" என்றாள்.