ஐந்து பக்கக் கண்

என் வீட்டுக்காரர் காய்ச்சலில் போனபோது எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்று: கோழியைக் கவிழ்த்து மூடும் பஞ்சாரம் பின்னுவது. அதுவும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கை பார்த்துக் கற்றது. சுங்கை பினாங்கில் ஒரு சரக்குக் கிடங்கின் பின்கொட்டகையில் குடியிருந்தோம். கிடங்குக்காரச் சீன முதலாளி, தவுக்கே என்போம், சாதிபத்திரி காயவைக்க மூங்கில் தட்டு நாலு கேட்டார். தட்டு ஒழுங்காக வந்தால் கொட்டகையிலேயே இருக்கலாம். வராவிட்டால், வெள்ளிக்கிழமை அண்ணன் வந்து என்னையும் மகளையும் தாம் வேலை பார்க்கும் நிபோங் திபால் தோட்டத்துக்கு அழைத்துப் போவார். அண்ணி கையால் சோறு வாங்குவதற்குப் பட்டினி மேல் என்றிருந்தேன் நான்.

நாலும் பின்னினேன். நாலும் நடுவில் பானை வயிறு போல எழும்பி நின்றன. தண்ணீரில் ஊறப்போட்டுக் கல்லை ஏற்றினேன். மேலே ஏறி நானே உட்கார்ந்தேன். நான் எழுந்தால் அதுவும் எழுந்தது. வியாழன் காலை தவுக்கே வந்து பார்த்தார்.

"இது பஞ்சாரம் லா, தங்காச்சி! கோழி எங்கே?"

அழுதேன் என்று சொல்லமாட்டேன். ஒன்றைப் பிய்த்து எறியத்தான் எடுத்தேன். பிய்க்கும்போது விரல் நடுக்கண்ணில், பின்னலின் நடு ஓட்டையில், நின்றது. மற்றக் கண்ணெல்லாம் ஆறு பக்கம். அது மட்டும் ஐந்து. பஞ்சாரத்து உச்சியை அப்படித்தான் தொடங்குவோம். கை பழக்கத்தில் தட்டுக்கும் அப்படியே தொடங்கியிருக்கிறது. ஒரு பக்கம் குறைந்தால் மூலை ஒவ்வொன்றும் குறுகுகிறது. குறுகின இடத்தில் சுற்றுக்கண்கள் படுக்க முடியாமல் நடுவை மேலே தூக்கிவிடுகின்றன.

ஆத்திரத்தில் ஏழு மூங்கில் சிம்பு வைத்து, நடுக்கண் ஏழு பக்கமாகத் தொடங்கினேன். கூடினால் நன்றாக அமுங்கும் என்று நினைப்பு. மூலைகள் விரிந்தன, அளவுக்கு மேல் விரிந்தன. ஓரம் சேலைக் கொசுவம் போல நெளிந்தது. பாதிப் பகல் அதில் போயிற்று.

பிறகுதான் ஆறு வைத்தேன். தரையோடு படுத்தது. ஆனால் வெள்ளிக்கிழமை அண்ணன் வாசலில் நிற்கும்போது, முடிந்திருந்தது ஒரே ஒரு தட்டு.

"இதை வச்சிக்கிட்டுக் குடித்தனம் நடத்தப் போறியா? மூட்டையைக் கட்டு."

தவுக்கே அதைச் சிமிண்டுத் தரையில் போட்டு ஓரமெல்லாம் அமுக்கிப் பார்த்தார். ஆடவில்லை. "மத்த மூணு?"

"திங்கக்கிழமை, தவுக்கே. பழசைப் பிரிச்சுப் பின்னிடுவேன்."

சரியென்று தலையாட்டிவிட்டுப் போனார். அண்ணன் என் மகளைப் பார்த்தார். முந்தின நாள் முழுக்க அவளுக்குக் கஞ்சித்தண்ணிதான்.

"உன் வீம்புக்குப் புள்ளை சாகணுமா? இவளை நான் கொண்டு போறேன். நீ வந்தா வா, வராட்டிப் போ."

அவள் மாமன் விரலைப் பிடித்துக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்திருக்கவில்லை. அடுத்த தட்டுக்கு ஆறு சிம்பையும் அப்போதுதான் கோத்துப் பிடித்திருந்தேன். கையை எடுத்தால் அவிழ்ந்துவிடும்.