பெயர் சுரண்டிய பெட்டி

அப்துல் கய்யூம் பாயிடம் "இது என்ன?" என்று கேட்டு உடனே பதில் வாங்கிய ஆள் சென்னையில் ஒருவர்கூடக் கிடையாது. தெரிந்தாலும் சொல்ல மாட்டார், தெரியாவிட்டாலும் சொல்ல மாட்டார். நாமாக ஒன்றை ஊகித்துச் சொன்னால் மட்டும் தலையை நிமிர்த்தாமல் "ஆவாது" என்பார். முப்பது வருஷமாக இந்த மனிதரிடம் கீபோர்டுகளைக் கொடுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன். என் ரத்தக் கொதிப்புக்காக டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். பாயைக் குறைத்தாலே போதும் என்று அவருக்கு எப்படிப் புரியவைப்பது?

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், சேலைக்கு ஃபால்ஸ் தைக்கும் கடைக்கு மேலே அவருடைய அறை. நடுவில் ஒரு திரை தொங்கும். இந்தப் பக்கம் பட்டறை, அந்தப் பக்கம் குடித்தனம். எட்டாவதோடு படிப்பை விட்டவர், ரிச்சி தெருவில் ரேடியோ ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தவர். சாந்தோம் பக்கத்தில் மழையில் நனைந்த ஒரு சர்ச் கீபோர்டை யாரும் தொட மறுத்தபோது, தூக்கி வந்து நான்கு நாள் காயவைத்துப் பாட வைத்துவிட்டார். அன்றிலிருந்து நகரத்தின் மெல்லிசைக் குழுக்களில் பாதிக்கு அவர்தான் வைத்தியர். இப்போது வயது அறுபத்தாறு. கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்கிறார். விசிட்டிங் கார்டு இல்லை, போர்டு இல்லை, "நாளைக்கு வா" என்ற ஒரே வாக்கியம் மட்டும் எப்போதும் கைவசம் இருக்கிறது.

நான் ஜவஹர். கோமளம் அக்கா நடத்தும் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு. கல்யாண ரிசப்ஷன்களில் பெண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறும்போது எங்கள் குழுவுக்கென்று ஒரு முழக்கம் உண்டு. ஷெனாயும் நாயனமும் கலந்தாற்போல ஒரு சத்தம், பின்னால் கோயில் மணி. அது என் கீபோர்டிலிருந்து வருவதில்லை. கீபோர்டுக்குக் கீழே ஒயரில் மாட்டியிருக்கும் ஒரு கறுப்புப் பெட்டியிலிருந்து வருகிறது. மிடி மாட்யூல் என்பார்கள். அதற்குக் கட்டைகள் கிடையாது. நாம் கீபோர்டில் அழுத்தினால் அது பாடும். சென்ற மாதம் தி.நகரில் ஒரு மண்டபத்தில், மாப்பிள்ளை படியில் கால் வைத்த நேரத்தில் அது 'கர்ர்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கிப்போனது.

கோமளம் அக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "மூணு வாரத்துல அடுத்த ரிசப்ஷன் இருக்கு ஜவஹர். அந்த ஓப்பனிங் கேட்டுத்தான் நம்மள புக் பண்ணியிருக்காங்க. முடியலைன்னா சொல்லு, ட்ராக் போட்டுக்கலாம். நீ கஷ்டப்பட வேணாம்" என்றார். ட்ராக் என்றால் பென்டிரைவில் இசை ஓடும், மேலே பாடகர்கள் பாடுவார்கள். கீபோர்டுக்காரனுக்கு அங்கே வேலை இல்லை. பல குழுக்களில் அப்படித்தான் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். ஐம்பத்து நான்கு வயதில் எனக்கு வேறு என்ன தெரியும்?

பெட்டியைப் பாயிடம் கொண்டுபோனேன். திறந்தார். ஒரு மணி நேரம் பார்த்தார். "பெரிய சிப்பு பூட்ச்சு. இதே மாதிரி இன்னொரு பெட்டி கெடச்சா அதுலேர்ந்து எடுத்துப் போடலாம். இதும் பேரு இன்னா?"

இங்கேதான் என் மானம் போகும் கதை ஆரம்பிக்கிறது. பெயர் எனக்குத் தெரியாது.

தொண்ணூற்றைந்தில் பர்மா பஜாரில் வாங்கியது. "ஒரே பீஸ்தான் சார், மெட்ராஸ்ல வேற யார்கிட்டயும் கெடையாது" என்று விற்றவன் சத்தியம் செய்தான். அந்தக் காலத்தில் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். நல்ல சத்தம் ஒன்று கையில் சிக்கினால், அது எந்தக் கருவியிலிருந்து வருகிறது என்று அடுத்த குழுக்காரனுக்குத் தெரியக்கூடாது. முகப்பிலிருக்கும் பெயரைச் சுரண்டிவிடுவோம். பின்னால் ஒட்டியிருக்கும் நம்பரைக் கிழித்துவிடுவோம். பிறகு பாயிடம் கொண்டுபோய், உள்ளே இருக்கும் முக்கியமான சிப்புகளின் மேல் அச்சடித்த எழுத்தையும் சாணைக்கல்லால் உரசச் சொல்வோம். நானும் அதையெல்லாம் செய்தேன். பெட்டியின் பெயர் முழுக்க ஜப்பான் எழுத்து. எனக்கே படிக்கத் தெரியாத எழுத்தை வேறு எவன் படித்துவிடப்போகிறான் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்காமல் பிளேடை எடுத்து, மொட்டைமாடியில் உட்கார்ந்து, வெகு சிரத்தையாகச் சுரண்டினேன்.

"நீங்க உரசினதுதானே பாய்? உரசும்போது நம்பரைப் பாத்திருப்பீங்களே?"

"பாத்தேன்."

"எழுதி வெச்சீங்களா?"

"எழுதி வெச்சா இன்னொருத்தன் பாத்துட மாட்டானா? நீதான நைனா எழுதாதன்ன?"

முதல் வாரம் அப்படியே போனது. நான் பொறுமை இழந்து, உள்ளே சிப்புகள் பதித்த பலகையைப் படம் எடுத்து இன்டர்நெட்டில் பழைய கருவிப் பிரியர்கள் கூடும் ஓர் இடத்தில் போட்டேன். மூன்று நாடுகளிலிருந்து மூன்று பேர் மூன்று பெயர் சொன்னார்கள். ஒருவர் ரொம்ப உறுதியாகச் சொன்னார். அவர் சொன்ன மாடலைத் தேனாம்பேட்டையில் ஒரு ஸ்டுடியோக்காரரிடம் பிடித்து வாங்கிவந்து மாட்டினேன். கட்டையை அழுத்தினால் ஐஸ் வண்டிக்காரர் ஹாரன் அடிப்பதுபோல் இருந்தது. உள்ளே திறந்து பார்த்தால் சிப்பின் கால்களின் எண்ணிக்கைகூடப் பொருந்தவில்லை.

"நான்தான் ஆவாதுன்னேனே" என்றார் பாய்.

"ஆவாதுன்னு சொன்னீங்க, எது ஆகும்னு சொல்லலையே!"

"தெரிஞ்சாத்தான சொல்லுவேன்?"

திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி ஹாஜிரா பீ, "டீ வெச்சிகீறேன், சண்ட போட்டுக்கினே குடிங்க" என்றார்.

இரண்டாவது வாரம் தினமும் போய் எதிரே உட்கார்ந்தேன். பாய் உரசாமல் விட்ட சின்னச் சின்னச் சிப்புகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றின் மேல் நான்கு இலக்கமாக ஒரு எண் இருக்கும். முதல் இரண்டு வருஷம், அடுத்த இரண்டு வாரம். ஆகக் கடைசி எண் 9123. அதாவது தொண்ணூற்றொன்றின் பாதிக்கு முன்னால் இந்தப் பெட்டி செய்யப்பட்டிருக்காது. இதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள். எண்களைச் சத்தமாக மாற்றும் சிப்பு, ஸ்டுடியோ கருவிகளில் போடும் ரகம் அல்ல, மலிவான ரகம். இதற்கு ஒரு நாள். "சரி பாய், மலிவு. பேரு?" என்றால் பதில் கிடையாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகைக்குப் போய்விட்டார். நான் அந்த மலிவான சிப்பை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை, பலகையின் ஓரத்தில் எட்டுக் காலோடு ஒரு பொடிச் சிப்பைக் காட்டினார். "இது இங்க இன்னாத்துக்குக் கீது?"

"என்னைக் கேட்டா?"

"இது டிவி பொட்டில வர்றது. ரிமோட்டு அமுக்குனா வாங்கிக்கிறது." பெட்டி முகப்பில் ஒரு கறுப்புக் கண்ணாடித் துண்டு இருக்கும். அழகுக்கு வைத்தது என்று முப்பது வருஷமாக நினைத்திருந்தேன். பாய் அதைத் தட்டினார். "மேடைல வாசிக்கிறவனுக்கு ரிமோட்டு எதுக்கு? இது பாட்டுக்காரனுக்குப் பண்ணது இல்ல நைனா. வூட்டுல சோபால குந்திக்கினு கேக்கறவனுக்குப் பண்ணது."

அதன்பின் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ரிமோட்டோடு வந்த, தொண்ணூற்றொன்றுக்குப் பிந்திய, ஜப்பானில் மட்டும் விற்ற வீட்டு மாட்யூல்கள் என்று தேடினால் மொத்தமே நான்கு. மூன்றாவதன் உட்புறப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். பலகையின் மூலை முடுக்கெல்லாம் பொருந்தியது. பிள்ளைகள் பியானோ பழகும்போது பின்னணி வாசிப்பதற்காகச் செய்த பெட்டி. என் தனிச்சிறப்பு முழக்கம் அதில் முப்பத்தேழாம் நம்பர், கம்பெனியே போட்டுக் கொடுத்தது. 'திருவிழா' என்று அதற்குப் பெயராம். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

விற்பனைக்கு உலகத்தில் ஒன்றே ஒன்று இருந்தது, ஜப்பானில். வந்துசேர ஆறு வாரம். ரிசப்ஷன் ஞாயிற்றுக்கிழமை.

"அவ்வளவுதான் பாய், என் கதை முடிஞ்சுது. இங்க மெட்ராஸ்ல ஒண்ணு இருந்திருந்தா..." என்றேன்.

பாய் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் எதையோ விழுங்குகிறார் என்று தெரிந்தது.

"இருக்கா பாய்?"

"நான் வாக்கு குட்த்துக்கிறேன்."

"யாருக்கு? என்ன வாக்கு? என் பொழப்பு போய்க்கிட்டிருக்கு, நீங்க வாக்குங்கறீங்க!"

கத்திவிட்டேன். கீழே தையல் மிஷின் சத்தம் நின்றது. திரை விலகியது. ஹாஜிரா பீ கையில் கரண்டியோடு வந்து நின்றார். எனக்கு இருந்த எரிச்சலைவிட அவருக்கு இரண்டு மடங்கு இருந்தது.

"இன்னாத்துக்கு இன்னும் வாய மூடிக்கினு கீறீங்க? தம்பி, நான் சொல்றேன். நான் யாருக்கும் வாக்கு குடுக்கல. இதே பொட்டி பதினோரு பேரு எடுத்துக்கினு வந்தானுங்க. ஒவ்வொருத்தனும் கதவ சாத்திக்கினு, 'பாய், மெட்ராஸ்லயே ஒண்ணுதான், யாருக்கும் தெரியக்கூடாது' ன்னானுங்க. இவரும் ஒவ்வொருத்தனுக்கும் 'சரி' ன்னு உரசிக் குடுத்தாரு. ஒம்போது காயலான் கடைக்குப் பூட்ச்சு. உன்னோடது ஒண்ணு. இன்னொண்ணு வெங்கடேஷோடது."

வெங்கடேஷ்.

அவனும் நானும் ஒரே மாஸ்டரிடம் பழகினோம். ஒரே சைக்கிளில் கச்சேரிக்குப் போனோம். இரண்டாயிரத்து இரண்டில் வேளச்சேரியில் ஒரு மண்டபத்தில் அவன் குழு வாசிக்கும்போது என் முழக்கம் மேடையிலிருந்து வந்தது. அதே ஷெனாய், அதே மணி. நான் மேடையேறி, மைக் ஆனில் இருக்கும்போதே, கல்யாண வீட்டார் அத்தனை பேர் முன்னாலும் அவனைத் திருடன் என்றேன். என் பெட்டியைப் பாயிடம் கொடுத்திருந்தபோது பார்த்து வைத்துக்கொண்டான் என்று நம்பினேன். அவன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை அனுப்பினான். போகவில்லை. பேச்சு நின்று இருபது வருஷத்துக்கு மேலாகிறது.

"அப்போ அவன் திருடலையா பாய்?"

"அவன் உனுக்கு நாலு மாசம் முன்னாலயே உரசிக்கினு பூட்டான்."

என் கோபமெல்லாம் பாய்மேல் திரும்பியது. "இத்தனை வருஷம்! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? ரெண்டு பேரும் ஒரே பஜார்ல ஒரே பெட்டிய வாங்கினோம்னு ஒரு வார்த்தை?"

பாய் முதல் தடவையாக நேராக என்னைப் பார்த்தார். "அன்னிக்கு மண்டபத்துலேர்ந்து நேரா இங்கதான வந்த? இன்னா கேட்ட, ஞாபகம் கீதா? 'வெங்கடேஷுக்கு என் பொட்டியத் தொறந்து காட்ட எவ்ளோ வாங்குன' ன்னு கேட்ட. எம் பொண்டாட்டி முன்னால கேட்ட. என்னியே ரகசியம் விக்கறவன்னு சொல்றவங்கிட்ட நான் அவன் ரகசியத்தச் சொன்னா, நீ சொன்னது நெசமாயிடாது?"

அப்படிக் கேட்டது எனக்கு நினைவே இல்லை. அவருக்கு ஒரு நாளும் மறந்திருக்காது. அதற்குப் பிறகும் நான் கொண்டுவந்ததையெல்லாம் சரிசெய்து கொடுத்திருக்கிறார். வெங்கடேஷின் பெயரைச் சொல்லாமல் எனக்கு வேறொரு பெட்டி கிடைக்க வழி இருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த மூன்று வாரமும் பொடிச் சிப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானோ எதிரே உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹாஜிரா பீ பாயின் ஃபோனை எடுத்து எண்ணைப் போட்டு என் கையில் திணித்தார்.

"சொல்லுங்க பாய்" என்றான் வெங்கடேஷ். குரல் கொஞ்சம் தடித்திருந்தது.

"நான் ஜவஹர்."

அவன் ஃபோனை வைத்துவிடுவதற்குள் சொல்லிவிட வேண்டும். எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெம்பில்லை. பெட்டி செத்துப்போனது, அதன் பெயர் தெரிந்தது, பதினோரு பேர் வைத்திருந்தது, என் முழக்கம் முப்பத்தேழாம் நம்பர் என்பது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். "உன்னோடது இன்னும் ஓடுதா?" என்று கேட்டேன்.

"ஓடும். புதுசு மாதிரிதான் இருக்கும்" என்றான். "நீ மண்டபத்துல கத்தினியே, அன்னிக்கு நைட்டே துணியில சுத்தி லாஃப்ட்ல போட்டேன். அதுக்கப்புறம் அந்த சவுண்ட நான் வாசிச்சதே இல்ல. ஏதாவது கல்யாணத்துல யாராவது அத வாசிச்சா எழுந்து வெளிய போயிடுவேன். எங்க குழுவுக்கு வேற ஓப்பனிங்கே சரியா அமையல ஜவஹர். நாலு வருஷத்துல குழுவக் கலைச்சோம். வந்து எடுத்துக்கோ. ஞாயித்துக்கிழமைக்கு வேணும்ல?"

ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். "லைன்ல ஆளு கீது நைனா, எதுனா பேசு" என்றார் பாய், எரிச்சலாக.

மன்னிப்புக் கேட்டேன். முதலில் வெங்கடேஷிடம், பிறகு ஃபோனை வைத்துவிட்டு ஹாஜிரா பீயின் முன்னாலேயே பாயிடம். அவர் அதைக் காதில் வாங்கினாரா என்று தெரியவில்லை. "உன் பொட்டிக்கு எட்டு ஸ்க்ரூல ஏழுதான் கீது. கீழ வுழுந்திருக்கும், தேடு" என்றார்.

மண்டியிட்டு மேஜைக்கடியில் புகுந்தேன். ஸ்க்ரூ உடனே கண்ணில் பட்டுவிட்டது. அதைக் கையில் மூடிக்கொண்டு, இன்னும் கொஞ்ச நேரம் தேடுவதுபோல் அங்கேயே இருந்தேன். வெளியே வந்தால் அவர்கள் இருவரின் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கும்.