ஏர் இறங்காத ஆடிப்பட்டம்

எங்கள் நிலத்தை அரசாங்கம் பிடுங்கிக்கொண்டது என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். என் மனசு நோகக் கூடாது என்பதற்காகச் சொல்கிறார்கள். நிலம் போனது என்னால்தான்.

கொல்லிமலையில், வாழவந்தி நாட்டில், ஓடைக்கு மேலே ஒன்றரை ஏக்கர். சாமை, ராகி, சில வருஷம் மரவள்ளி. எங்களை மலையாளிகள் என்பார்கள். கேரளாவா என்று கேட்பவர்களுக்கு இல்லை என்று சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலித்துவிட்டது. மலையை ஆள்பவர்கள் என்று சிலர் அர்த்தம் சொல்வதுண்டு. ஆண்ட லட்சணம்தான் தெரிகிறதே, கையில் ஒரு பட்டா கிடையாது. எத்தனை தலைமுறை உழுதாலும் காகிதத்தில் அது வனம். தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்கிறவர்களுக்கு உரிமை கொடுக்கலாம் என்று சட்டம் வந்த பிறகு, வீட்டில் காலேஜ் படித்த ஒரே ஆள் என்று நான்தான் மனு எழுதினேன். ராசிபுரத்தில் ஒரு தனியார் பள்ளி ஆபீசில் எனக்கு வேலை. மனு எழுதுவதில் நான் கொஞ்சம் கெட்டிக்காரன் என்ற நினைப்பும் உண்டு.

ஆய்வுக்கு எப்போது வருவார்கள் என்று காத்திருந்தபோது, மாசி மாதத்தில் அப்பா இறந்தார். அன்று நான் ஆபீசில் பிள்ளைகளின் ஹால் டிக்கெட்டில் போட்டோ ஒட்டிக்கொண்டிருந்தேன். போன் மேஜை டிராயருக்குள் கிடந்தது. மதியத்துக்கு மேல்தான் எடுத்துப் பார்த்தேன். பஸ் பிடித்து மலையேறிப் போய்ச் சேர்ந்தபோது, குழி வெட்டியவர்கள் ஓடையில் மண்வெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நிலத்தின் மேற்கு மூலையில் அப்பாவை வைத்து மண் தள்ளியாகிவிட்டது. தள்ளியது சித்தப்பா மகன்.

எங்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. ஆளைப் புதைத்த நிலத்தில் அடுத்த பட்டத்துக்கு ஏர் இறக்கமாட்டோம், சும்மா விட்டுவிடுவோம். இப்போதெல்லாம் அதை யாரும் கண்டிப்பாகப் பார்ப்பதில்லை. அம்மாவே பார்க்கவில்லை. ஆடியில் முதல் மழை பெய்ததும் சொன்னாள்:

"ஆடிப்பட்டம் தேடி வெதைன்னு சும்மாவா சொன்னாங்க. மேக்கு மூலைய மட்டும் வுட்டுப்போட்டு மத்ததுல சாமை தூவிப்போடலாம் கண்ணு. உங்கப்பன் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டான்."

நான் விடவில்லை. "அப்பன் செத்து ஆறு மாசங்கூட ஆவல, அதுக்குள்ள ஏர் கட்டறியா?" என்று கத்தினேன். சாவுக்கு வராதவனுக்குத்தான் சாஸ்திரம் அதிகம். நான் வராமல் போனதற்கு அம்மாவின் ஒரு வருஷச் சோற்றைப் பரிகாரமாக வைத்தேன் என்பது இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு, பெரிதாக மகன் கடமையைச் செய்கிறேன் என்ற திமிர். அம்மா ரேஷன் அரிசியைப் பொங்கித் தின்றுகொண்டு, அடுத்தவர் மரவள்ளிக்குக் களை வெட்டக் கூலிக்குப் போனாள்.

மலை மழைக்கு நிலம் சும்மா கிடக்குமா? இரண்டே மாதத்தில் உண்ணிச்செடி இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. புரட்டாசியில் ஆய்வுக்கு நான்கு பேர் வந்தார்கள். நான் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். அவர்களில் மூத்தவர் செடிகளைப் பார்த்து, "இதுல எங்க சாகுபடி?" என்று கேட்டார்.

"போன வருசம் சாமைங்க. அதுக்கு முந்தி ராகிங்க. இந்த வருசம் ஊட்டுக்காரரு தவறிட்டாருங்க, அதனால சும்மா வுட்டுட்டமுங்க" என்றாள் அம்மா.

நான் குறுக்கே புகுந்து வழக்கத்தை விளக்கினேன். மனு எழுதுகிற தமிழில் விளக்கினேன். அவர் கெட்டவர் இல்லை, பொறுமையாகவே கேட்டார். அப்பாவின் மண்மேட்டைக் காட்டினேன்.

"இது இந்த வருசத்து மண்ணு தம்பி. உங்க தாத்தா, முப்பாட்டன் சமாதி ஏதாவது இருக்கா?"

இருக்கிறார்கள், எல்லோரும் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் நாங்கள் கல் நடுவதில்லை. நாலு மழையில் மேடு தரையோடு போய்விடும், பிறகு அதன் மேலேயே உழுவோம். அவர்கள் கிடக்கிற மண்ணில் விளைந்ததைத்தான் தின்று வளர்ந்தேன். இதை எந்தப் படிவத்தில், எந்தக் கட்டத்தில் எழுதுவது? "கண்ணால பாக்கறதைத்தான் நான் எழுத முடியும்" என்று சொல்லிவிட்டு, அவர் உண்ணிச்செடியைப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

தை மாதம் தபால் வந்தது. நிலம் சாகுபடியில் இல்லை, மனு தள்ளுபடி. அப்பீல் எழுதினேன், அதுவும் தள்ளுபடி. இரண்டையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். களி கிண்டிக்கொண்டிருந்தவள் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

வைகாசியில் அந்த ஒன்றரை ஏக்கரில் வனத்துறை மரக்கன்று நடக் குழி வெட்டுகிறது என்று கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் போனேன். உள்ளூர் ஆட்களையே கூலிக்கு வைத்திருந்தார்கள். ஏழெட்டுப் பேர் வரிசையாகக் கடப்பாரை போட்டுக்கொண்டிருந்தார்கள். மேற்கு மூலையில் வெட்டிக்கொண்டிருந்தது அம்மா.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "வெக்கமா இல்லையா உனக்கு? நம்ம நெலத்துல நீயே வந்து குழி வெட்டறியா?"

"நான் வெட்டலீன்னா இந்த மூலைக்கு வேற எவனாச்சும் வருவான். உங்கப்பன் தல எந்தப் பக்கம் இருக்குதுன்னு அவனுக்குத் தெரியுமா? மேஸ்திரிகிட்ட கெஞ்சி ரெண்டு குழிய அந்தாண்ட தள்ளிப் போட்டிருக்கறேன்."

கடப்பாரையைப் பிடுங்கப் போனேன். தரவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்பாவுக்கு இடப்பக்கம் இருந்த வெறும் தரையைப் பார்த்தாள். எங்களில் புருஷனுக்குப் பக்கத்தில்தான் பெண்டாட்டியை வைப்பார்கள். இனிமேல் இங்கே பிணம் புதைத்தால் கேஸ் என்று மேஸ்திரி அன்று காலையில்தான் அவளிடம் சொல்லியிருக்கிறார்.

"நான் செத்தா என்னைய எங்க கொண்டு போவே, சாமி?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. படித்தவனுக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் கேட்டாள்.

ராசிபுரத்தில் எனக்கு இருப்பது இரண்டாம் மாடியில் ஒரு வாடகை வீடு.