வீட்டில் தமிழை நிறுத்திய குளிர்காலம்

நாலு வயது வரைக்கும் என் தம்பி வாய் ஓயாதவன். நாங்கள் புலம்பெயர்ந்து வந்து குடியேறிய மல்வேர்னில், எங்கள் வீட்டு ஜன்னலில் ஏறி நின்று, போகிற பஸ்களின் இலக்கங்களைக் கத்திச் சொல்லுவான். பிறகு ஒவ்வொன்றாக விடத் தொடங்கினான். முதலில் இலக்கங்கள் போயின. பிறகு கரண்டி பிடிக்க மறந்தான். திரும்பவும் கால்சட்டையை நனைத்தான்.

பெரிய டொக்டரைப் பார்க்க எட்டு மாதம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். பக்கத்து ரூஜில் இருந்த பெரியம்மா உடனே கிடைத்தார்.

"ரெண்டு பாஷையைப் போட்டுக் குழைச்சா பிள்ளை என்னெண்டு கதைக்கும்? முதல்ல உந்தத் தமிழை நிப்பாட்டுங்கோ."

அப்பா அன்றைக்கே சட்டம் போட்டார். அம்மாவுக்குத் தெரிந்த இங்கிலீஸ் ஓகே, தாங்க்யூ, சொறி மூன்றும்தான். அதனால் அவர் தம்பிக்கு ஒன்றும் கதைக்காமலே சோறு தீத்தினார். காவல் வேலை ஒன்பது வயதான எனக்கு. அப்பா ஷிப்ட் முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே கேட்பார்: "இண்டைக்குத் தமிழ் கதைச்சவனோ?"

ஒருநாள் தம்பி குசினிக்குள் வந்து என் கையைப் பிடித்தான்.

"அக்கா, தண்ணி."

தெளிவாகத்தான் சொன்னான். நான் கோப்பையை நிரப்பித் தலைக்கு மேலே தூக்கினேன்.

"வோட்டர் எண்டு சொல்லு, தாறன்."

அவன் என் வாயையே பார்த்தான்.

"சொல்லடா மொக்கா! வோட்டர்!"

பிறகு என் கையை விட்டுப் போய்விட்டான். அந்தத் தண்ணீரை நானே குடித்தேன்.

கற்றதையெல்லாம் பிள்ளையிடமிருந்து பறிக்கும் அபூர்வமான நோய் அது என்றும், எந்தப் பாஷையும் அதற்குக் காரணமில்லை என்றும் பெரிய டொக்டர் சொன்னபோது அடுத்த கோடை வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான். வளர்ந்த பிறகு லொறி ஓட்டிக்கொண்டு எத்தனையோ ஊர்களில் முன்பின் தெரியாதவர்களிடம் தண்ணீர் கேட்டிருக்கிறேன். என்ன பாஷையில் கேட்டாலும் தந்தார்கள்.

ஆனால் அவன் தண்ணி கேட்டதற்குப் பிறகு வந்த கிழமை எனக்கு நல்ல கிழமை. "ஒரு தமிழ்ச் சொல்லும் இல்லை, அப்பா" என்று தினமும் சொன்னேன். "கெட்டிக்காரி" என்று தலையைத் தடவினார். வெள்ளிக்கிழமை எனக்கென்று ஒரு பெட்டி டோனட் வாங்கிவந்தார். தம்பி எந்தப் பாஷையிலும் வாய் திறக்கவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை. நான் வென்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.