டிரைவர் சுப்பிரமணி வண்டி எடுத்த கதை

முப்பத்தொரு வருஷம் அரசாங்க வண்டி ஓட்டியவர் சுப்பிரமணி. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் வளாகத்துக்குள்ளேயே ஒரு துறையில் டிரைவர். ஜீப்பில் ஆரம்பித்து ஏசி காரில் முடித்தார். இத்தனை வருஷத்தில் எந்த வண்டி வாங்கலாம் என்று அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வண்டி வந்து நிற்கும், சாவியைக் கையில் கொடுப்பார்கள், ஓட்டுவார். சில வண்டிகளைப் பார்த்ததுமே, 'இதை எந்த மகராசன் பொறுக்கி எடுத்தானோ' என்று மனசுக்குள் திட்டுவார். வாயைத் திறக்க மாட்டார். டிரைவரிடம் யார் கருத்துக் கேட்டார்கள்?

அதனால்தான், ஓசூரில் வேலை பார்க்கும் மகன் மாறன் போன் செய்து, "குடும்பத்துக்கு ஏழு சீட்டு வண்டி ஒண்ணு எடுத்துடலாம்பா. எதுனு நீங்களே பாத்து சொல்லுங்க. நீங்க சொல்றதுதான்" என்றபோது, மனுஷனுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. மனைவி கன்னியம்மாளிடம் அதே விஷயத்தை நாலு தடவை சொன்னார். அவளும் நாலு தடவையும் புதுசாகக் கேட்பதுபோல் கேட்டாள். அது அவள் சுபாவம்.

மூன்று வாரம் அலைந்தார். பெண் பார்க்கப் போனால்கூட இவ்வளவு கேள்வி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கடைசியில் செஞ்சி ரோட்டில் இருக்கும் ஒரு ஷோரூமில் இரண்டு வண்டி மிஞ்சியது. ஒன்று வெள்ளை, டீசல். மேலே கண்ணாடிக் கூரை, நல்ல இழுவை, மைலேஜ் ஜாஸ்தி, அஞ்சு வருஷம் கழித்து விற்றாலும் நல்ல விலைக்குப் போகும். இன்னொன்று சாம்பல் நிறம், பெட்ரோல். இழுவை கம்மி, விலை மட்டும் எழுபதாயிரம் ஜாஸ்தி. கூரையும் சாதாரணத் தகரம்.

"சார், அந்த எழுபதாயிரம் எதுக்குனா," என்று ஆரம்பித்தான் சேல்ஸ்மேன் சகாதேவன். முப்பது வயசு இருக்கும், பொறுமைசாலி. "வெள்ளையில ஏர்பேக் முன்னாடி ரெண்டே ரெண்டு. இதுல ஆறு. பக்கவாட்டுல கடைசி சீட்டு வரைக்கும் திரை மாதிரி இறங்கும். ஏழு பேருக்கும் தோள்பட்டை பெல்ட்டு, ஏழு பேருக்கும் உயரமான தலையணை. வெள்ளையில கடைசி சீட்டுக்கு அந்தத் தலையணை குட்டையாதான் வரும்."

"பலூனுக்கு எழுபதாயிரமா? மாட வீதியில பத்து ரூபாய்க்கு விக்கிறான்பா."

சகாதேவன் சிரித்தான். சுப்பிரமணி சிரிக்கவில்லை. "முப்பத்தொரு வருஷம். ஒரு கீறல் இல்ல. தீபத்துக்கு வர்ற கூட்டத்துல, பௌர்ணமி கூட்டத்துல ஓட்டினவன் நான். நான் ஓட்டறப்ப உன் பலூனுக்கு வேலையே கெடையாது."

விலை ஜாஸ்தி வண்டியைத் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று அவருக்கு ஒரு சந்தேகம். வண்டி என்றால் இன்ஜின், கியர், பிரேக், அடிப்பாகம். மற்றதெல்லாம் பூச்சு. அவர் கணக்கு அவ்வளவுதான். அது தப்பான கணக்கு என்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் அது ஒரே ஒரு சீட்டில் உட்கார்ந்தபடி போட்ட கணக்கு. அது அவருக்கு அப்போது தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாறன் மனைவி பிள்ளைகளோடு வந்திருந்தான். வெள்ளை வண்டியை ஓட்டிப் பார்க்க, சுப்பிரமணி எல்லாரையும் கிளப்பிக்கொண்டு ஷோரூமுக்குப் போனார். காலி வண்டியை ஓட்டிப் பார்ப்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. காலி வண்டி எல்லாமே நல்ல வண்டிதான், பாரம் ஏற்றினால்தான் அதன் யோக்கியதை தெரியும் என்பார். ஆள் கணக்குப் பார்த்தார். அவர், பக்கத்தில் சகாதேவன், நடு வரிசையில் மாறன், மருமகள் தேவிப்ரியா, பேரன் ஆதவன், கடைசி வரிசையில் கன்னியம்மாள், நாலு வயசுப் பேத்தி அறிவுமதி. அறிவுமதி என்ன பாரம் இருப்பாள், பதினாலு கிலோ. அது பாரமா? எனவே வீட்டிலிருந்தே இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை இரண்டைக் கொண்டு வந்திருந்தார். அறிவுமதியின் சீட்டில் மூட்டை ஏறியது. அறிவுமதி கன்னியம்மாள் மடியில் ஏறினாள்.

"மாமா, பாப்பாவ நான் வெச்சிக்கிறேனே," என்றாள் தேவிப்ரியா.

"இருக்கட்டும்மா, அத்த மடியிலயே இருக்கட்டும். பின்னாடி வெயிட்டு கரெக்டா இருக்கணும்."

மூட்டைகள் வளைவில் சரியக் கூடாதே என்று, சுப்பிரமணி பின்னால் போய்க் குனிந்து, சீட்டுக்கடியில் சொருகிக் கிடந்த பெல்ட்டைத் தேடி எடுத்து, மூட்டைகளைச் சுற்றி இழுத்து மாட்டினார். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். உறுதியாக இருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து வண்டியை எடுத்தார்.

கீழ்பென்னாத்தூர் வரைக்கும் போனார்கள். மேட்டில் வண்டி முனகாமல் ஏறியது. ஸ்டீயரிங் ஒரு விரலுக்குத் திரும்பியது. சுப்பிரமணியின் முகத்தில் இருந்த சந்தோஷத்தை மகன் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ரசித்தான். திரும்பி வரும்போது ரோடு காலியாகக் கிடந்தது. அறுபதில் போய்க்கொண்டிருந்தவர், "கெட்டியா பிடிச்சிக்குங்க, பிரேக் பாக்கப் போறேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் அழுத்தினார். வண்டி ஒரு பக்கமும் இழுக்காமல், நேர்கோட்டில், ஆணி அடித்ததுபோல் நின்றது.

"பாத்தியா! இவ்ளோ பாரத்துல நின்னுது பாத்தியா!" என்று ஸ்டீயரிங்கைத் தட்டினார். ஆதவன் கை தட்டினான். பின்னால் அறிவுமதி, "தாத்தா, இன்னொரு வாட்டி!" என்று கத்தினாள்.

"எப்படி கன்னியம்மா வண்டி?"

"நல்லாதாங்க இருக்குது," என்றது பின்னாலிருந்து வந்த குரல்.

வெள்ளைதான் என்று முடிவாகிவிட்டது. புதன்கிழமை நாள் நன்றாக இருக்கிறது, அன்றைக்கு அட்வான்ஸ் கட்டலாம் என்று பேசிக்கொண்டு மாறன் குடும்பம் அன்று மாலையே ஓசூர் கிளம்பியது.

மறுநாள் காலையில் கன்னியம்மாள் காபி கொண்டுவந்து நீட்டினாள். சுப்பிரமணி பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். இடது கை. முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில், சண்டை போட்டு மூன்று நாள் பேசாமல் இருந்தபோதுகூட அவள் இடது கையால் எதையும் கொடுத்ததில்லை.

"இன்னா இது, காலங்காத்தால எடது கையில?"

"வாங்கிக்குங்களேன், ஆறிடப் போவுது."

வலது கை முந்தானைக்குள் இருந்தது. அவர் எழுந்து முந்தானையை விலக்கினார். மணிக்கட்டு வீங்கி, தோல் பளபளவென்று இருந்தது. வளையல்களைக் கழற்றியிருந்தாள். கழற்றும்போது எப்படித் துடித்திருப்பாள்!

"எங்க விழுந்த?"

"விழல."

"பின்ன?"

அவள் முந்தானையை மறுபடி இழுத்து மூடிக்கொண்டாள். பிறகு, ஏதோ தான் செய்த தப்பைச் சொல்வதுபோலச் சொன்னாள். "நீங்க பிரேக் போட்டீங்க இல்ல. பாப்பா முன்னாடி போயிட்டா. அவ நெத்தி சீட்டு கம்பில அடிச்சிடப் போவுதுனு கைய குறுக்க வெச்சேன். அவ தலையும் என் ஒடம்பும் கைமேலயே வந்துடுச்சி. வேற ஒண்ணும் இல்ல."

"அப்பவே சொல்றதுக்கு இன்னாடி?"

"அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க," என்றாள் கன்னியம்மாள்.

காபி ஆறியது. எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனார். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு உடையவில்லை, ஜவ்வுதான் கிழிந்திருக்கிறது, மூன்று வாரம் கட்டோடு இருக்கட்டும் என்றார் டாக்டர். எப்படி அடிபட்டது என்று கேட்டார். கன்னியம்மாள்தான் முந்திக்கொண்டு, "வண்டியில இடிச்சிக்கிட்டேங்க" என்றாள்.

அவளை வீட்டில் விட்டுவிட்டு மொபெட்டில் நேராக ஷோரூமுக்குப் போனார். வழியெல்லாம் அந்தப் பெல்ட்தான் கண்ணில் நின்றது. குனிந்து, தேடி எடுத்து, இரண்டு தடவை இழுத்துப் பார்த்து மாட்டிய பெல்ட். அரிசிக்கு.

"சகாதேவா, வெள்ளைய எடு. நீ ஓட்டு. நான் கடைசில உக்கார்றேன்."

"முன்னாடியே உக்காருங்க சார்."

"ஓட்டுப்பா."

கடைசி வரிசைக்குப் போவதற்கே நடு சீட்டை மடக்கி, உடம்பைக் குறுக்கி, ஒரு காலை முதலில் விட்டு மறு காலை இழுக்க வேண்டியிருந்தது. புடவை கட்டிக்கொண்டு, கையில் பிள்ளையோடு இதில் எப்படி ஏறினாள்? உட்கார்ந்தார். முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. தலையணை பிடரிக்குக் கீழேயே நின்றுவிட்டது. தலைக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளிப் பின் கண்ணாடி. எதிரே, நடு சீட்டின் முதுகில், சீட்டை மடக்கும் இரும்புப் பிடி துருத்திக்கொண்டு இருந்தது. அறிவுமதியின் நெற்றி உயரத்துக்கு. அதை விரலால் தொட்டுப் பார்த்தார்.

சகாதேவன் நிதானமாகத்தான் ஓட்டினான். இருந்தாலும் ஒவ்வொரு வேகத்தடைக்கும் சுப்பிரமணியின் தலை கூரையைத் தொட்டுவிட்டு வந்தது. ரோடு தெரியவில்லை. எப்போது பள்ளம், எப்போது பிரேக், எதுவும் தெரியவில்லை. முன்னால் இருப்பவனின் காலை நம்பி உட்கார்ந்திருப்பதைத் தவிர அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை. டிரைவர் சுப்பிரமணி தன் அறுபத்தோராவது வயசில் முதன்முதலாகப் பயந்துகொண்டு வண்டியில் போனார். அந்தப் பயத்தை யாரிடமும் காட்டிக்கொள்ளாமல் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய வேலை என்பதும் புரிந்தது. ஆடி மாதம் குலதெய்வம் கோயிலுக்கு வாடகை வேன் எடுத்து எத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறார்! முன் சீட்டு எப்போதும் மாமாவுக்கோ மச்சானுக்கோ. கன்னியம்மாள் எங்கே உட்கார்ந்தாள் என்று ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததாக ஞாபகம் இல்லை.

இறங்கியதும் மாறனுக்குப் போன் போட்டார்.

"வெள்ளை வேணாம்பா. சாம்பலு."

"இன்னாப்பா, அதுல இழுவையே இல்லனு நீங்கதான சொன்னீங்க? ஆதவன் கண்ணாடிக் கூரை, கண்ணாடிக் கூரைனு ஊரெல்லாம் சொல்லிட்டான்."

"நான் பாத்தது தப்பு. டிரைவர் சீட்டுல உக்காந்து டிரைவருக்குத்தான் வண்டி பாத்தேன். உங்கம்மா கையில கட்டு போட்டிருக்குதுடா. பாப்பாவுக்கு அடிபடாம இருந்ததுக்கு அந்தக் கைதான் காரணம். நான் அரிசி மூட்டைக்கு பெல்ட்டு மாட்டிட்டு, உங்கம்மாவுக்கு மாட்டாம வந்துட்டேன்."

மாறன், "நானும்தானப்பா திரும்பிப் பாக்கல" என்றான். "சாம்பலையே எடுங்க."

புதன்கிழமை கன்னியம்மாளையும் அழைத்துக்கொண்டு போனார். அட்வான்ஸ் கட்டுமுன் சாம்பல் வண்டியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்றார். அவள் வழக்கம்போலக் கடைசி வரிசைக்குப் போனாள். இங்கே நடு சீட்டு முழுசாக முன்னால் நகர்ந்து வழிவிட்டது. சுப்பிரமணியும் கூடவே ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் பெல்ட்டைத் தானே இழுத்து, அடிபட்ட கையில் படாமல் மாட்டினார். பிறகு தன்னுடையதை மாட்டினார்.

"நீங்க எதுக்குங்க பின்னாடி? பாக்கறவங்க சிரிக்கப் போறாங்க."

"சிரிச்சா சிரிக்கட்டும். சகாதேவா, ரோடு காலியானதும் நாப்பதுல போயி பிரேக் போடு. எப்பனு சொல்லாத."

"சார், அம்மாவுக்கு கையில..."

"அம்மா கைய மடியில வெச்சிருக்கு. நீ போடு."

ஊர் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் சகாதேவன் அழுத்தினான். பெல்ட் இருவரையும் தோளோடு பிடித்துச் சீட்டிலேயே நிறுத்தியது. சுப்பிரமணி ஒரு விரல்கூட முன்னால் போகவில்லை. ஆனால் அவர் நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கை வந்து நின்றிருந்தது. கட்டுப் போட்ட கை. அடிபட்ட கை என்ற ஞாபகம்கூட இல்லாமல் அதையே நீட்டி அவரைப் பிடித்திருந்தாள். கண்ணை இறுக மூடியிருந்தாள்.

"பெல்ட்டுதான் போட்டிருக்குதே கன்னியம்மா. கைய ஏன் நீட்டின?"

அவள் கண்ணைத் திறந்து, தன் கையைத் தானே ஆச்சரியமாகப் பார்த்தாள். "நான் எங்க நீட்டினேன்? அதுவா போயிடுதுங்க. பக்கத்துல யாராவது இருந்தா அதுவா போயிடுது."

எத்தனை வருஷமாக, எத்தனை பிரேக்குக்கு, எத்தனை பிள்ளைகளின் முன்னால் இந்தக் கை இப்படிப் போயிருக்கும் என்று நினைத்தார் சுப்பிரமணி. ஒரு கீறல் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. அந்தக் கையை மெதுவாக எடுத்து அவள் மடியில் வைத்து, மேலே தன் கையை வைத்துக்கொண்டார்.

சகாதேவன் வண்டியைத் திருப்பினான். சிறிது தூரம் போனதும் கன்னியம்மாள் கேட்டாள்.

"இதுல இழுவ கம்மினு சொன்னீங்களே?"

"கம்மிதான்," என்றார் சுப்பிரமணி. "மெதுவா ஓட்டறேன்."