வரைபடத்தில் இருந்த கழிப்பறை

செங்கம் சாலையில் ஓர் அச்சகத்தில் வேலை செய்கிறேன். விடுதிகளில் தங்க வருகிறவர்களுக்குக் கொடுக்கும் ஊர் வரைபடத்தைப் பத்து வருடமாக நான்தான் வரைகிறேன். வீடு வேங்கிக்காலில். அம்மா இறந்த பிறகு அங்கே நான் ஒருத்தி மட்டும். சில நாள் மாலையில் வாயைத் திறந்தால் குரல் கரகரக்கும், அன்று யாரோடும் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைக்கும்.

ஒருநாள் நோட்டீஸ் அடிக்க வந்த இளம்பெண் ஒருத்தி, விடுதி அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்களோடு சேர்ந்து ஊரை வரையப்போவதாகச் சொன்னாள். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். உதவிக்கு வருகிறேன் என்றேன். உண்மையில் ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

முதல் நாள் ஆளுக்கொரு தாள் கொடுத்து, "நீங்க தினம் நடக்கிற ஊரை வரைங்க" என்றாள். நான் மலை, கோயில், மாட வீதிகள், பேருந்து நிலையம் என்று அளவு பிசகாமல் போட்டேன். பக்கத்தில் இருந்த அக்கா எட்டிப் பார்த்தார்.

"ரூம்ல டேபிள் மேல ஒரு மேப்பு இருக்குமே, அதே மாதிரி இருக்குதுங்க."

"அத நான்தான் போட்டேன்க்கா."

அவர் தன் தாளைக் காட்டினார். நடுவில் அவர் வேலை செய்யும் விடுதி. அதிலிருந்து ஒரு நீளக் கோடு, தாளின் ஓரத்தில் சின்னக் கட்டம். பொதுக் கழிப்பறையாம்.

"இது இவ்ளோ தூரம் இல்லியே. ரெண்டு நிமிஷ நடைதானே?"

"மேப்புல ரெண்டு நிமிஷம்தாங்க. அது பூட்டியே கெடக்குது, பௌர்ணமிக்கு மலை சுத்தக் கூட்டம் வர்றப்பத்தான் தொறப்பாங்க. ரூம் பாத்ரூம்ல போனா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க. அதான் காலைல தண்ணியே குடிக்காம வரோம்."

அடுத்த வாரம் எல்லோரும் நடந்து போய்ப் பார்த்தோம். பூட்டில் துரு ஏறியிருந்தது. யாரோ கொடுத்த பட்டியலைப் பார்த்துத்தான் என் வரைபடத்தில் அதைக் குறித்திருந்தேன். ஒருமுறையும் அங்கே போனதில்லை. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அதனாலேயே தலைநிமிர முடியவில்லை.

கடைசி ஞாயிறு பெரிய துணியில் எல்லோரும் சேர்ந்து வரைந்தார்கள். அந்தக் கட்டம் சிவப்பில் விழுந்தது. "உங்க வீட்டயும் போடுங்க" என்றார் அக்கா. ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.

"அங்க யார்லாம் வருவாங்க?"

"பால்காரர்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

கழிப்பறையைத் தினமும் திறக்கச் சொல்லி, துணியை எடுத்துக்கொண்டு நகராட்சியில் மனு கொடுக்கப் போனபோது என்னையும் கூப்பிட்டார்கள். வேலை இருக்கிறது என்றேன். ஒரு வேலையும் இல்லை. அத்தனை பேர் நடுவில் எப்படி நடப்பது என்று கூச்சம். ஒரு மாதம் கழித்து, கழிப்பறையைத் தினமும் காலையிலேயே திறக்கிறார்கள் என்று அந்த இளம்பெண் சொன்னாள். புது அச்சில் திறக்கும் நேரத்தையும் சேர்த்தேன். "இதெல்லாம் எதுக்கும்மா, எடம் அடைக்குது" என்றார் முதலாளி. நான் எடுக்கவில்லை.

முதல் பிரதியைக் கொடுக்க அக்கா வேலை செய்யும் விடுதிக்குப் போனேன். மகளுக்குப் பிரசவம், போளூர் போயிருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியாது என்றார் வரவேற்பு மேசையில் இருந்தவர்.

"வந்தா சொல்றேன். நீங்க யாருன்னு சொல்லட்டும்?"

கூட வரைஞ்சவங்கன்னு சொல்லுங்க என்று பிரதியைக் கொடுத்துவிட்டு, வேங்கிக்கால் பஸ்ஸுக்கு நின்றேன்.